நாற்காலிகளை எரித்த மன்னர்: ஹங்கேரியின் நான்காம் பேலா

ஹங்கேரியர்கள் தங்கள் நாட்டை நிறுவியவர்கள் என்று இரண்டு மன்னர்களைக் கொண்டாடுகிறார்கள். ஒருவர் கி.பி. 1000ஐ ஒட்டி முடிசூடிக்கொண்டு, ஒரு கிறித்தவ அரசை உருவாக்கிய புனித இஷ்ட்வான். அவர் விஷயத்தில் யாருக்கும் ஐயமில்லை. மற்றவர் 1235 முதல் 1270 வரை ஆண்ட நான்காம் பேலா. இவரைப் பற்றி முதன்முதலாகப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. ஆட்சிக்கு வந்து ஆறு ஆண்டுகள் முடிவதற்குள் மங்கோலியர்களிடம் நாட்டைப் பறிகொடுத்து, அத்ரியாட்டிக் கடற்கரை வரை ஓடி உயிர் தப்பியவர் இவர். இவருக்கு எப்படி ‘இரண்டாவது நிறுவனர்’ என்ற பெயர்?

பிரபுக்களிடமிருந்து நிலத்தைப் பிடுங்குவதையே லட்சியமாகக் கொண்டு அரியணை ஏறியவர் பேலா. அதே மனிதர், தன் ஆட்சியின் பிற்பாதியில் பிரபுக்களைக் கூப்பிட்டு நிலத்தை அள்ளிக் கொடுத்தார். இந்தத் தலைகீழ் மாற்றம்தான் அவர் கதையின் மையம். அதைப் புரிந்துகொள்ள அவருடைய தந்தை காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் காலத்து ஹங்கேரியில் அரச பலம் என்றால் அரசனுக்குச் சொந்தமான நிலம். நாடு பல மாவட்டங்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் மண்ணும் மரமும் கொண்டு கட்டிய ஒரு கோட்டை. அதன் தலைவர் ‘இஷ்பான்’ எனப்படும் அரச அதிகாரி. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு, மீதி மன்னருக்கு. கோட்டையைச் சார்ந்த வீரர்களும் அந்த நிலத்தை நம்பியே வாழ்ந்தார்கள். ஆகவே மாவட்டத்தை ஒருவருக்குத் தானமாக எழுதிக்கொடுத்தால், அதன் வருமானத்தோடு படையும் மன்னர் கையை விட்டுப் போய்விடும்.

பேலாவின் தந்தை இரண்டாம் ஆண்ட்ராஷ் அதைத்தான் செய்தார். அரசக் கொடைக்கு அளவின்மையே சிறந்த அளவு என்று தன் சாசனத்தில் பெருமையாகவே எழுதி வைத்தார். முழு மாவட்டங்களைப் பரம்பரைச் சொத்தாக வேண்டியவர்களுக்கு வழங்கினார். கஜானா வற்றியதும் வரி வசூலைக் குத்தகைக்கு விட்டார். எதிர்ப்பு முற்றி, 1222இல் ‘பொன் முத்திரைச் சாசனம்’ என்ற உரிமைப் பட்டயத்தை வெளியிட வேண்டியதாயிற்று. முழு மாவட்டங்களை நிரந்தரமாகத் தானம் செய்யக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. மன்னர் வாக்குத் தவறினால் பிரபுக்கள் எதிர்த்து நிற்கலாம் என்பது இன்னொன்று.

பேலா 1206இல் பிறந்தவர். அவருக்கு ஏழு வயது நிறையும் முன், தந்தை போருக்குப் போயிருந்த நேரத்தில், தாய் கெர்ட்ரூடை ஹங்கேரியப் பிரபுக்களின் ஒரு கூட்டம் கொன்றுவிட்டது. ஜெர்மன் நாட்டு இளவரசியான அவர் தன் உறவினர்களுக்குப் பதவிகளை வாரிக் கொடுத்ததாக அவர்களுக்குக் கோபம். சதியில் ஈடுபட்டவர்களில் பெரும்பாலோர் தண்டனையில்லாமல் தப்பினார்கள். பிரபுக்கள் மீது பேலாவுக்கு இருந்த கசப்புக்கு நிலக் கணக்கு மட்டும் காரணமில்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது. தந்தையோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. பைசாந்தியப் பேரரசின் வாரிசாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட நிகேயா அரசின் இளவரசி மரியா லஸ்கரினாவை அவர் மணந்திருந்தார். அவரை விலக்கிவிடும்படி தந்தை வற்புறுத்தினார். பேலா சிறிது காலம் பணிந்து, பிறகு மனைவியைத் திரும்ப அழைத்துக்கொண்டு ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டார். அந்தத் திருமணம் கடைசிவரை நிலைத்தது.

1235 அக்டோபரில் செகெஷ்ஃபெஹேர்வார் நகரில் முடிசூடியதும் பேலா வேலையைத் தொடங்கினார். தந்தையின் நெருங்கிய ஆட்கள் சிறைக்குப் போனார்கள். முதன்மை அமைச்சராக இருந்தவரின் கண்கள் குருடாக்கப்பட்டன. தந்தை கொடுத்த நிலங்களைத் திரும்பப் பெறும் வேலை நாடெங்கும் நடந்தது. இனி அரசவையில் மன்னர் முன்னிலையில் பிரபுக்கள் உட்காரக் கூடாது, இளவரசர்களுக்கும் பேராயர்களுக்கும் ஆயர்களுக்கும் மட்டுமே இருக்கை என்று உத்தரவிட்டார். அதோடு நிறுத்தாமல், பிரபுக்கள் உட்கார்ந்து பழகிய நாற்காலிகளைத் தீயிலிட்டு எரிக்கச் சொன்னார். மன்னரை நேரில் பார்த்துக் குறை சொல்லும் பழைய வழக்கமும் போயிற்று. எல்லாவற்றுக்கும் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, அலுவலகத்து எழுத்தர்களின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். சாதாரண வழக்குக்குக்கூட மாதக்கணக்கில் அரண்மனை வாசலில் கிடந்தவர்கள், தங்களுக்கு மன்னர்கள் அந்த எழுத்தர்கள்தான் என்று வெறுப்போடு பேசிக்கொண்டார்கள்.

இவற்றையெல்லாம் நமக்குச் சொல்பவர் ரோஜர் என்ற இத்தாலியப் பாதிரியார். வாராத் நகரின் திருச்சபையில் பணியாற்றியவர், மங்கோலியர்களிடம் சிக்கி உயிர் பிழைத்தவர். ஆபத்து வந்தபோது பிரபுக்கள் ஏன் மன்னருக்குத் தோள் கொடுக்கவில்லை என்பதை விளக்கத்தான் நாற்காலிக் கதையை எழுதினார்.

அந்த ஆபத்து எதிர்பாராமல் வந்ததும் இல்லை. ஜூலியன் என்ற டொமினிக்கன் துறவி, கிழக்கே தங்கிவிட்ட பழைய ஹங்கேரியரைத் தேடி வோல்கா ஆற்றுப் பக்கம் போனார். ஹங்கேரிய மொழி பேசும் மக்களைக் கண்டும்விட்டார். இரண்டாம் முறை போனபோது அவர்களுடைய நாட்டை மங்கோலியர்கள் அழித்திருந்தார்கள். பேலாவுக்கு மங்கோலியர் அனுப்பிய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தார். அடிபணி என்பது அதன் சாரம். என் அடிமைகளான கூமானியருக்கு இடம் கொடுக்காதே. கூடாரத்தில் வாழும் அவர்கள் ஓடித் தப்பலாம், வீடும் நகரமும் கோட்டையும் வைத்திருக்கும் நீ என் கையிலிருந்து எப்படித் தப்புவாய் என்றும் கேட்டிருந்தது.

கூமானியர் என்பவர்கள் கருங்கடலுக்கு வடக்கேயிருந்த புல்வெளிகளில் குதிரையும் ஆடுமாடும் மேய்த்து வாழ்ந்த துருக்கிய மொழிக் குடிகள். மங்கோலியர்களிடம் தோற்ற அவர்களுடைய தலைவர் கோத்யன், 1239இல் தன் மக்களோடு ஹங்கேரியில் அடைக்கலம் கேட்டார். பேலா ஏற்றுக்கொண்டார். அவருடைய கணக்கு தெளிவானது: இந்தக் குதிரை வில்லாளிகள் மன்னருக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள், பிரபுக்களை நம்ப வேண்டியதில்லை. பிரபுக்களுக்கும் அது புரியாமல் இல்லை. குடியானவர்களின் பிரச்சினை வேறு. கூமானியரின் மந்தைகள் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்தன. வழக்கு மன்னரிடம் போனால் அகதிகளுக்கே சாதகமாகத் தீர்ப்பு வருகிறது என்று ஊரெல்லாம் முணுமுணுத்தது.

1241 மார்ச் 12 அன்று மங்கோலியர்கள் கார்பாத்திய மலையில் வெரெட்ஸ்கே கணவாயைக் காத்த ஹங்கேரியப் படையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். சில நாட்களிலேயே பெஸ்ட் நகரின் அருகே அவர்களுடைய முன்னணிக் குதிரைகள் தென்பட்டன. வந்தவர்களிடையே கூமானியரும் இருக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. அது உண்மையாக இருக்கவும் வாய்ப்புண்டு, தோற்ற குடிகளைத் தம் படையில் சேர்ப்பது மங்கோலியர் வழக்கம். கோத்யன் ஒற்றர் என்று கூச்சலிட்டபடி பெஸ்டில் ஒரு கூட்டம் அவருடைய இருப்பிடத்தில் புகுந்து அவரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் கொன்றது. கொதித்துப்போன கூமானியர்கள் வழியெல்லாம் ஊர்களை எரித்துக்கொண்டு தெற்கே பால்கன் பக்கம் போய்விட்டார்கள். மங்கோலியர்களைப் போலவே போரிடத் தெரிந்த ஒரே படை, போருக்கு முன்பே கையை விட்டுப் போயிற்று.

ஏப்ரல் 10 இரவு, ஷாயோ ஆற்றங்கரையில் மோஹி என்ற ஊருக்கு அருகே பேலாவின் படை முகாமிட்டிருந்தது. வண்டிகளைச் சுற்றிலும் நெருக்கமாக நிறுத்தி, கேடயங்களைத் தொங்கவிட்டு அரண் போல அமைத்திருந்தார்கள். உள்ளே கூடாரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. கூடாரக் கயிறுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. குதிரையை ஓட்டிச் செல்ல வழியில்லை. மங்கோலியப் படைத் தலைவர் பாது கான் இதை மேட்டிலிருந்து பார்த்து, தொழுவத்தில் அடைபட்ட மந்தை போல இருக்கிறார்கள் என்று மகிழ்ந்ததாக ஸ்பிலித் நகரத்துத் தலைமைக் குரு தோமாஸ் எழுதியிருக்கிறார்.

அன்றிரவு ஆற்றுப் பாலத்தில் நடந்த முதல் மோதலில் ஹங்கேரியர்களே வென்றார்கள். பேலாவின் தம்பி கால்மானும் கலோச்சா பேராயர் உக்ரினும் பாலத்தைக் கடந்த மங்கோலியர்களை ஆற்றில் தள்ளிவிட்டுத் திரும்பினார்கள். வெற்றி என்று நினைத்து முகாம் தூங்கியது. விடியும் முன் மங்கோலியர்கள் கல்லெறியும் பொறிகளைக் கொண்டுவந்து பாலத்துக் காவலர்களை விரட்டினார்கள். தளபதி சுபுதாய் வேறோரிடத்தில் ஆற்றைக் கடந்து பக்கவாட்டில் வந்தார். காலையில் முகாமைச் சுற்றி வளைத்து அம்புமாரி பொழிந்தார்கள். உள்ளே அணிவகுக்க இடமில்லை. கயிறுகள் காலில் சிக்கின. ஒரு பக்கம் மட்டும் வேண்டுமென்றே வழி விட்டிருந்தார்கள். அதன் வழியே ஓடியவர்களை இரண்டு நாள் துரத்தித் துரத்திக் கொன்றார்கள். எஸ்டெர்கோம், கலோச்சா பேராயர்கள் இருவருமே மாண்டார்கள். கால்மான் காயத்தோடு தப்பிப் பின்னர் இறந்தார். பேலாவை மெய்க்காவலர்கள் எப்படியோ வெளியே கொண்டுவந்தார்கள்.

இறந்தவர்களிடையே அரச முத்திரையும் கிடைத்தது. மங்கோலியர்கள் அதைக் கொண்டு மன்னர் பெயரில் போலிக் கடிதங்களைத் தயாரித்து ஊர்தோறும் அனுப்பினார்கள். ‘பயப்படாதீர்கள், வீட்டை விட்டுப் போகாதீர்கள், விரைவில் நாட்டை மீட்போம்’ என்று மன்னரே எழுதியிருக்கும்போது யார் ஓடுவார்கள்? எல்லாவற்றுக்கும் முத்திரையிட்ட ஓலையை எதிர்பார்க்கும்படி மக்களைப் பழக்கியவரும் அந்த மன்னர்தான்.

தோற்ற மன்னரின் அடுத்த சில மாதங்கள் வேறு வகையில் கசப்பானவை. ஆஸ்திரியக் கோமகன் ஃபிரீட்ரிஷ், அடைக்கலம் தருவதாக அழைத்துவிட்டு, பழைய பணப் பாக்கியைச் சொல்லிப் பேலாவைப் பிடித்து வைத்தார். கையிலிருந்த செல்வத்தையும் மேற்கு எல்லையில் மூன்று மாவட்டங்களையும் கொடுத்துத்தான் பேலா விடுதலை பெற்றார். போப்பாண்டவருக்கும் புனித ரோமானியப் பேரரசருக்கும் கடிதம் எழுதினார். அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் போரிட்டுக்கொண்டிருந்தார்கள்.

டான்யூப் ஆறு அதுவரை நாட்டின் மேற்குப் பாதியைக் காத்தது. 1241-42 குளிர்காலத்தில் ஆறு உறையத் தொடங்கியதும், மேற்குக் கரை மக்கள் தினமும் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கடுங்குளிரில் ஒரு கட்டத்தில் ஆறு முழுவதும் இறுகியது. ஆனால் அது குதிரைகளைத் தாங்குமா என்பது மங்கோலியர்களுக்குத் தெரியாது. அவர்கள் கிழக்குக் கரையில் ஆடுமாடுகளைக் காவலில்லாமல் விட்டுவிட்டு மூன்று நாள் ஆள் அரவமின்றி விலகியிருந்தார்கள். எதிரி போய்விட்டான் என்று நம்பிய மேற்குக் கரைக்காரர்கள் பனிமேல் நடந்துபோய், கால்நடைகளை ஓட்டிக்கொண்டு திரும்பினார்கள். பனி தாங்கும் என்பது உறுதியாயிற்று. அடுத்து மங்கோலியப் படை கடந்தது.

ஆனால் மேற்கே அவர்களுக்கு வேலை எளிதாக முடியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எஸ்டெர்கோம் நகரம் எரிந்தது. அதன் மேட்டிலிருந்த கற்கோட்டை விழவில்லை. சதுப்பு நிலம் சூழ்ந்த செகெஷ்ஃபெஹேர்வாரும், குன்றின்மேல் இருந்த பன்னோன்ஹால்மா மடமும் தப்பின. மண்ணாலும் மரத்தாலும் கட்டிய பழைய கோட்டைகள் போன இடம் தெரியவில்லை. பேலாவின் பிற்காலம் முழுவதும் இந்தப் பாடத்தின் மேல் எழுந்தது.

மன்னரைப் பிடிக்கவென்றே கதான் என்ற மங்கோலிய இளவரசர் அத்ரியாட்டிக் கடலோரத் தல்மாத்தியா வரை படையோடு வந்தார். கிளிஸ் கோட்டை, ஸ்பிலித், கடைசியாகத் திரோகிர் என்று பேலா குடும்பம் இடம் மாறியது. அந்த ஓட்டத்தில் அவருடைய இரண்டு சிறு பெண்கள், கத்தலினும் மார்கித்தும், இறந்துபோனார்கள். அவர்களுடைய கல்லறைப் பேழை ஸ்பிலித் பேராலயத்தின் வாசலுக்கு மேலே இன்றும் இருக்கிறது. அதே குளிர்காலத்தில் இன்னொரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கும் மார்கித் என்றே பெயரிட்டார்கள். நாடு மீண்டால் இந்தக் குழந்தையைக் கடவுளுக்குக் கொடுத்துவிடுவதாகப் பெற்றோர் நேர்ந்துகொண்டார்கள்.

1242 வசந்தத்தில் மங்கோலியர்கள் திரும்பிப் போனார்கள். அவர்களுடைய பேரரசர் ஒகதாய் 1241 டிசம்பரில் இறந்ததுதான் காரணம் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அந்த ஆண்டு ஈரம் மிகுந்து குதிரைகளுக்குத் தீவனம் போதவில்லை என்றும், கற்கோட்டைகளை முற்றுகையிட்டு நேரம் வீணாயிற்று என்றும் இன்றைய ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். என் பார்வையில் ஒற்றைக் காரணம் இதற்குப் போதாது.

அவர்கள் விட்டுச்சென்ற நாட்டை ரோஜர் நடந்தே கடந்தார். திரான்சில்வானியாவின் கியூலஃபெஹேர்வார் நகரில் எலும்புகளும் தலைகளும்தான் எஞ்சியிருந்தன. ஒரு மலையில் ஒளிந்திருந்த மக்களிடம் அவருக்கு ரொட்டி கிடைத்தது: ஓக் மரப்பட்டையை இடித்து மாவோடு கலந்து சுட்டது. அதைவிடச் சுவையான ரொட்டியைத் தின்றதில்லை என்கிறார். படைக்குப் பின்னால் பஞ்சம் வந்தது. மக்கள்தொகையில் எவ்வளவு அழிந்தது என்பதில் இன்றும் சண்டைதான். 15 சதவீதம் என்பவர்களும் உண்டு, பாதி என்பவர்களும் உண்டு.

இங்கேதான் பேலா மாறினார். ஊருக்குத் திரும்பிய மன்னரிடம் கோட்டை கட்டப் பணமில்லை. நிலம் இருந்தது. குன்றின் மேல் கற்கோட்டை கட்டுபவருக்கு நிலம் என்ற ஏற்பாட்டை அவர் தொடங்கினார். அதுவரை கோட்டை என்பது பெரும்பாலும் மன்னரின் உரிமை. இப்போது பிரபுக்களையும் ஆயர்களையும் கட்டச் சொல்லி அவரே ஊக்கினார். அவர் இறப்பதற்குள் சுமார் நூறு புதிய கோட்டைகள் எழுந்தன. அவற்றுள் விஷெக்ராத் கோட்டைக்கு அரசி மரியா தன் நகைகளை விற்றுப் பணம் கொடுத்தார். கணவனை இழந்த பெண்களும் அநாதைகளும் அடுத்த தடவை ஒளிந்துகொள்ள ஓரிடம் வேண்டும் என்பது அந்த அரசியின் நோக்கம்.

இன்றைய புடாபெஸ்டின் கதையும் இங்கே தொடங்குகிறது. அழிந்த பெஸ்ட் நகரின் குடியேறிகளுக்கு 1244இல் பேலா உரிமைப் பட்டயம் தந்தார். பிறகு எதிர்க்கரையில் இருந்த குன்றின் மேல் மதில் சூழ்ந்த புதிய நகரம் எழுந்தது, அதுவே புடா. காலியான ஊர்களில் குடியேற ஜெர்மானியர்கள் முதலான வெளிநாட்டார் அழைக்கப்பட்டார்கள். 1251இல் யூதர்களின் உயிருக்கும் உடைமைக்கும் தொழிலுக்கும் பாதுகாப்பளிக்கும் சாசனம் வந்தது. தந்தை காலத்தில் குழம்பிக் கிடந்த வருவாய்க்கு இவை உதவின. கூமானியர்களையும் திரும்ப அழைத்து, ஆளில்லாத சமவெளியில் குடியமர்த்தினார். மூத்த மகன் இஷ்ட்வானுக்கு ஒரு கூமானியப் பெண்ணையே மணம் முடித்தார்.

இந்தக் காலத்தில் போப்பாண்டவருக்கு அவர் எழுதிய ஒரு கடிதம் கிடைத்திருக்கிறது. கிறித்தவ உலகின் பெரிய அரசவைகளுக்கு ஆளனுப்பினோம், வார்த்தைகளைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை என்று அதில் குமுறுகிறார். கிறித்தவத்தைக் காக்க வேண்டிய நான், என் மகனுக்குக் கூமானியப் பெண்ணை மணமுடித்து, புறச்சமயத்தாரைக் கொண்டு நாட்டைக் காக்கும்படி ஆயிற்று என்று வெட்கமும் எரிச்சலுமாகச் சொல்கிறார். மத்தியகால மன்னர்களின் கடிதங்களில் இவ்வளவு வெளிப்படையான கோபம் அபூர்வம்.

அயல்நாட்டுப் போர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பணம் பறித்த ஆஸ்திரியக் கோமகன் 1246இல் பேலாவின் படையுடன் மோதிப் போர்க்களத்தில் இறந்தார். வாரிசில்லாத அவருடைய நாட்டுக்காகப் பேலாவும் பொஹேமிய மன்னர் இரண்டாம் ஒட்டோகாரும் பல ஆண்டுகள் அடித்துக்கொண்டார்கள். அவருடைய நாட்டின் ஒரு பகுதியான ஸ்டைரியா சில காலம் ஹங்கேரியிடம் இருந்தது. 1260இல் கிரெசென்புருன் போரில் தோற்றதும் கைமாறியது.

அதைத் தொடர்ந்த சமாதானப் பேச்சில் நேர்ந்துகொண்ட மகள் மார்கித்தின் கதை வருகிறது. டொமினிக்கன் கன்னியர் மடத்தில் சிறுமியாகச் சேர்ந்து வளர்ந்தவர் அவர். டான்யூப் நடுவே முயல் தீவு எனப்பட்ட தீவில் அவருக்காகவே பேலா ஒரு மடம் கட்டினார். இப்போது ஒட்டோகாருக்கு அவரை மணமுடித்தால் அரசியலுக்கு நல்லது என்று தந்தைக்குத் தோன்றியது. நேர்த்திக்கடனைப் போப்பாண்டவர் மூலம் தளர்த்திக்கொள்ளலாம் என்றார்கள். மகள் மறுத்துவிட்டார். திருமணத்தைவிட மூக்கையும் உதட்டையும் அறுத்துக்கொள்வேன் என்று அவர் சொன்னதாகப் பிற்காலத்தில் சாட்சியம் பதிவாகியிருக்கிறது. 1261இல் துறவற முக்காட்டைப் பெற்று விவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். ஒட்டோகாருக்குப் பேலாவின் பேத்தி குனிகுண்டாவைக் கொடுத்தார்கள். மார்கித் இருந்த தீவுக்கு இன்று அவர் பெயர்தான். 1943இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

மகனோடு வந்த மோதல் அத்தனை சுலபமாக முடியவில்லை. அப்பாவோடு பேலா எப்படி முரண்பட்டாரோ, அதே முரண்பாட்டை இஷ்ட்வான் அவருக்குத் திருப்பிக் கொடுத்தார். தந்தைக்கு இளைய மகன் பேலா மீதும் மகள் அன்னா மீதும்தான் பாசம் என்பது அவருடைய மனக்குறை. 1262இல் நாட்டையே டான்யூப் ஆற்றை ஒட்டி இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். கிழக்குப் பாதியில் மகன் தனி அரசவை, தனி அதிகாரிகள் என்று ஆளத் தொடங்கினார். உள்நாட்டுப் போர் மூண்டு, 1265 மார்ச்சில் இஷாசெக் என்ற இடத்தில் மகன் வென்றார். தந்தையின் தளபதி ஹென்ரிக் கூசெகி சிறைப்பட்டார். அடுத்த ஆண்டு இருவரும் மார்கித்தின் மடத்தில் வைத்து ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

இந்தக் குடும்பச் சண்டையில் லாபம் அடைந்தவர்கள் பிரபுக்கள். இரண்டு அரசவைகளும் தங்கள் பக்கம் ஆள் சேர்க்கப் போட்டி போட்டு நிலத்தைக் கொடுத்தன. ஒரு பக்கம் கொடுத்தது போதாது என்றால் மறுபக்கம் போகலாம். முன்பு நாற்காலி எரிந்தபோது வாய்மூடி நின்றவர்களுக்கு, இப்போது முற்றுகையைத் தாங்கும் சொந்தக் கற்சுவர் இருந்தது. 1267இல் கூடிய சபையில் சிறு பிரபுக்களின் உரிமைகளையும் மன்னரும் மகன்களும் சேர்ந்து உறுதிசெய்ய வேண்டியதாயிற்று. இதைப் பேலாவின் பிழை என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1242இல் அவர் முன்னால் இருந்த தேர்வு, பலமான பிரபுக்களா பலவீனமான பிரபுக்களா என்பதல்ல. கோட்டையா, மறுபடியும் மோஹியா என்பதுதான்.

1270 மே 3 அன்று முயல் தீவில் பேலா காலமானார். மார்கித் அதே ஆண்டு ஜனவரியில் இறந்திருந்தார். அதற்கு முன்பே செல்ல மகனும் போய்விட்டார். மன்னரின் உடல் எஸ்டெர்கோமில் பிரான்சிஸ்கன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தனக்குப் பின் மனைவியையும் அன்னாவையும் காக்கும்படி, பழைய எதிரியான ஒட்டோகாரிடமே அவர் வேண்டிக்கொண்டிருந்தார். அன்னா அரசப் பொக்கிஷத்தோடு பிராகுக்குப் போனார். ஹென்ரிக் கூசெகி தன் எல்லைக் கோட்டைகளை ஒட்டோகாரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் பக்கம் சேர்ந்தார்.

கோட்டைகள் தங்கள் வேலையைச் செய்தன என்பதற்குச் சான்று 1285இல் கிடைத்தது. மங்கோலியர்கள் மீண்டும் வந்தார்கள். கிழக்குப் பகுதிகளைக் கொள்ளையடித்தார்கள். முக்கியமான கற்கோட்டை எதையும் பிடிக்க முடியாமல் பெருத்த இழப்போடு திரும்பினார்கள். அப்போது ஆண்டவர் பேலாவின் பேரன் நான்காம் லாஸ்லோ. அவரால் தன் நாட்டுப் பிரபுக்களின் கோட்டைகளையும் பணியவைக்க முடியவில்லை. 1301இல் பேலாவின் வம்சமான அர்பாத் வம்சத்தின் கடைசி மன்னர் மூன்றாம் ஆண்ட்ராஷ் ஆண் வாரிசில்லாமல் இறந்தபோது, வடமேற்கே மாத்தே சாக், மேற்கே ஹென்ரிக்கின் பிள்ளைகள் என்று கோட்டை முதலாளிகளே குறுநில மன்னர்களாக இருந்தார்கள். அடுத்து வந்த ஆஞ்சூ வம்சத்துக் காரோய், 1312இல் ரோஸ்கோனி போரில் தொடங்கி, பத்தாண்டுகளுக்கு மேல் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்தார். மாத்தே சாக் 1321இல் இறந்த பிறகுதான் வடமேற்கு அடங்கியது. 1323இல் காரோய் தன் அரசவையை விஷெக்ராதுக்கு மாற்றிக்கொண்டார்.